கொழும்பு நம்பர்

"ம், தள்ளுங்கப்பா. மேடு வருது, விட்டுறாதிய" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்கிறார் வேதமாணிக்கம். வெள்ளைக் கோட்டு, கையில் ஸ்டியரிங், பின்சீட்டில் மனைவி ஹில்டா, அவள் மடியில் பைபிள். காருக்குப் பின்னால் மீனவன் கோதண்டமும் அவன் குப்பத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரும் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி அடிக்கிறதோ இல்லையோ, இந்த ஆஸ்டின் கார் தெருவில் நகர்ந்தாக வேண்டும். சும்மா நின்றால் டயர் கெட்டுப்போகுமாம்.

வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. பெட்ரோலும் இருக்கிறது. கோதண்டத்துக்கு இது வெகுநாள் புதிர். கட்டுமரத்துக்கு இஞ்சின் இல்லை, மணலில் தள்ளுகிறோம். இதற்கு என்ன கேடு வந்தது? ஒரு வாரம் கேட்டே விட்டான்.

"இன்னா மொதலாளி, இஞ்சினு கீது, எண்ணெ கீது. அப்பால நாங்க இன்னாத்துக்கு பேஜாரு பட்டுகினு கீறோம்?"

"ஓட்டுனா இந்த ஊர் வரி கெட்டணும்லா? இப்ப நானா ஓட்டுதேன்? நீங்கள்லா தள்ளுதிய."

கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். தள்ளுகிறவர்களுக்குக் கோயில் வாசலில் டீயும் பன்னும் வாங்கித் தருகிற மனிதர். அந்தக் காருக்கே கொழும்பில் தம்பி மூலமாக இன்றும் தவறாமல் வரி கட்டி வருகிறார். விஷயம் வேறே.

நாசரேத் பக்கத்திலிருந்து இளம் வயதில் கொழும்புக்குப் போய்க் கடை வைத்தவர் அவர். ராயபுரத்தில் மாமனாரின் மளிகைக் கடையைப் பார்க்க ஆளில்லாமல் போகவே, "ஆறே மாசம்" என்று சொல்லிக் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்துபோகிறவர் வண்டி என்பதால் முதலில் யாரும் வரி கேட்கவில்லை. அந்தச் சலுகைக் காலம் முடிந்து வருஷமும் திரும்பிவிட்டது. இனிச் சென்னை நம்பர் வாங்க வேண்டும். அதற்கு, இங்கேதான் குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். கொழும்பிலோ, இந்தியாக்காரர்களில் யார் தங்கள் ஊர்க் குடிமக்கள் என்று சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். இவர் மனுவும் அங்கே கிடக்கிறது. இங்கே போடுகிற கையெழுத்து அங்கே தெரிந்தால் திரும்பிப் போகிற கதவு சாத்திக்கொள்ளும் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான்.

வீட்டுக்குள்ளும் இதே கதை. டிரங்குப் பெட்டிகளின் கயிறு இன்னும் அவிழவில்லை. அவர் வெறுந்தேநீரைக் குடிப்பதே கொழும்பு வழக்கப்படி, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டுதான். "இங்க இருக்கிற வரைக்கும்" என்று தொடங்காமல் அவருக்குப் பேச்சே வராது. ஹில்டா ஓர் ஆட்டுக்கல் கேட்டால், "போகும்போது யாரு தூக்குவா?" என்பார். பாவம், அவள் தோசைக்கு அரைக்க அரிசியும் உளுந்துமாகப் பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் போய் நிற்கிறாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, தெருமுனையில் கான்ஸ்டபிள் நீலமேகம் கைகாட்டி நிறுத்தினார். தள்ளுகிற நியாயத்தைப் பொறுமையாகக் கேட்டார். சிரிக்காமல் கேட்டதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

"வண்டி ரோட்ல கீதா? அவ்ளோதான் சார். தள்னாலும் வரிதான், ஓட்னாலும் வரிதான். சீக்கிரம் நம்பர மாத்துங்க, இல்லாங்காட்டி கப்பல்ல ஏத்துங்க."

அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹில்டா கேட்டாள்: "கப்பல்ல காரு மட்டும் போவுதா, நாமளும் போறோமா? அதை மட்டும் சொல்லுங்க. எத்தன நாளைக்குத்தான் அடுத்தவ கல்லுல ஆட்டுதது?"

அதற்குப் பதில் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அந்தக் கார் இத்தனை நாள் தெருவில் தள்ளுப்பட்டிருக்காது.

போன வெள்ளிக்கிழமை போய், இங்கேதான் குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வரி கட்டியதற்கான வட்ட வில்லை முன்கண்ணாடியில் ஏறியது. மறுநாள் சாயங்காலம் புது நம்பர் பலகையை மாட்டக் கோதண்டம் ஸ்பானரோடு வந்தான்.

"பழசக் கழத்தாத. அது மேலயே மாட்டு."

அப்படியே மாட்டினான்.

"நட்ட ரொம்ப முறுக்காத."

"ஆடிக்கினே இருக்குமே மொதலாளி. கயண்டு வுய்ந்துடும்."

"கெடக்கட்டும்."

அங்கம்மா வீட்டிலிருந்து மாவுப் பாத்திரத்தோடு அப்போதுதான் வந்த ஹில்டா இதைக் கேட்டாள். பாத்திரத்தைக் கார் மூக்கின் மேல் வைத்தாள். கோதண்டத்தின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக் கணவனிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் குனிந்து ஒரு சுற்று முறுக்கினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மாவுப் பாத்திரத்தை இன்னும் எடுக்கவில்லை.

மறுபடி குனிந்து, இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.