பத்துதான்னு சொன்னேன்

கஜா, டேய் கஜா, நீ எங்க கீறியோ எனக்கு தெரியாது, நான் இப்ப அல்லாத்தையும் சொல்லப்போறேன்டா. ரெண்டு வருசமா வாய மூடிகினு கீறேன், இதுக்கு மேல முடியாது.

அண்ணாத்தே, நான் சொல்றத அப்படியே எயுதிக்கோங்க. மொதல்ல ஒண்ணு. நான் பேய் பிசாசு நம்புற ஆளு கெடையாது. எங்க தெருவுல யாருக்காச்சும் சாமி வந்து ஆடுனா நான் பின்னாடி குந்திகினு சிரிப்பேன், அதுக்கு எங்கம்மா கைல ஒத கூட வாங்கிகீறேன். இப்பவும் அத்த பேய்னு சொல்ல மாட்டேன். இன்னான்னு எனக்கே தெரியல. நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, நடந்தது நடந்தது.

நானும் கஜாவும் அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு லேத் பட்டறைல பக்கத்து பக்கத்து மெஷினு. ஊடு ரெண்டு பேருக்கும் ஆவடி, அவன் அவங்கப்பாவோட பேக்டரி கோட்ரஸ், நாங்க பின்னாடி தெரு. நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், அவன் எட்டாவது வரைக்கும் போனவன், அதனால ஊருக்கு லெட்டர் போட்றதுன்னாலும் அவன்தான் எனக்கு எயுதி குடுப்பான். எங்க மெஷினு ரெண்டுக்கும் நடுவுல ஒரு தூணு. செவுத்து கடியாரம் எனக்கு தெரியும், அவனுக்கு தூணு மறைச்சிடும். மெஷின்ல கை வெக்கறவன் வாட்சு கட்டக்கூடாதுன்றது மேஸ்திரி சட்டம், மாட்டிகிச்சின்னா கையே போயிடும். அதனால காலைல சங்கு ஊதுனதுலேர்ந்து அவன் என்னியதான் கேப்பான். "மச்சான், மணி இன்னா?" நான் அவன் பக்கம் திரும்பாமயே சொல்லுவேன். ஒரு நாளைக்கு இருவது வாட்டி. "போடா, எனக்கு இன்னா சம்பளம் தர்ற மணி சொல்றதுக்கு"ன்னா சிரிப்பான்.

அவன் பக்கம் அந்த தூணுல ஒரு கேலண்டரு. கேரளாவுல ஏதோ ஒரு ஊரு, பேரு வேணாம், அந்த ஊருக்காரங்க கோச்சிக்குவாங்க. செவப்பு மல ஒண்ணு, கேக்க கத்தில வெட்டுன மாதிரி நேரா நிக்குது, அதுக்கு கீய கடலு, மலைக்கும் தண்ணிக்கும் நடுவுல நடந்து போற பாதை, ஒரு ஆளு போற அகலம்தான். நாள் பூரா அவன் மூஞ்சிக்கு நேரா அந்த படம்தான். தை மாசம் அவனுக்கு கண்ணாலம் முடிவாயிருந்திச்சி, அதுக்குள்ள ஒரு தபா அதுல நடந்துடணும்னு புடிச்சிகினான்.

"ஏன்டா, மெரினால இல்லாத கடலா?"ன்னு கேட்டேன்.

"மெரினால மல ஏதுடா லூசு? இந்த கைல மலைய தொட்டுகினு போலாம், இந்த கைல தண்ணிய. கண்ணாலம் ஆயிட்டா எவன் வுடுவான்?"

நாலு மாசம் அதே பேச்சுதான். பேக்கிங்ல வேல செய்ற பாபுவும் சேந்துகினான். ரயிலு எத்தினி மணிக்கு, எங்க தங்கறது, அல்லாத்தையும் கஜா ஒரு அட்டைல எயுதி சட்டப்பைலயே வெச்சிருந்தான். பாபு டிக்கெட்டு எடுக்கணும். எனக்கு ஒரே ஒரு வேல. கடலு ஏறுனா அந்த பாதை முயுகிடும், எறங்குனாதான் நடக்க முடியும்னு கேள்விப்பட்டோம், அது எந்த நேரம்னு நான் கேட்டு வரணும். எஸ்டேட்டு டீக்கடை சேட்டன் அந்த பக்கத்து ஆளுதான்.

கேட்டேன். கேக்காம இல்ல. டீ டைம்ல கூட்டம் அலமோதுது, சேட்டன் டீ ஆத்திகினே "நான் லாஸ்டா போனப்போ பத்து மணிக்கு தண்ணி நல்லா எறங்கி கெடந்தது, ஆனா மோனே"ன்னு ஏதோ ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள சங்கு ஊதிட்டான், லேட்டா போனா மேஸ்திரி அசிங்கமா திட்டுவாரு, நான் ஓடியாந்துட்டேன். அந்த 'ஆனா'வ நான் நின்னு கேக்கல.

கஜா கேட்டான், நான் சொன்னேன், "தெனம் பத்து மணிக்கு எறங்கும், ரெண்டு மணி நேரம் அப்படியே நிக்கும், அப்பால ஏறும்." ரெண்டு மணி நேரம்ன்றது நானா வுட்ட பீலா. ஆனா தெனம் பத்துன்றத நான் மெய்யாலுமே நம்புனேன். நாங்க சங்குல பொறந்து சங்குல வளந்தவங்க அண்ணாத்தே, பேக்டரி சங்குக்கு எயுந்து, பட்டறை சங்குக்கு சோறு துன்னு. கடலுக்கும் ஒரு ஷிப்ட் இருக்கும்னு நெனச்சிட்டேன். அவனும் அத்ததான் நெனச்சான். "பரவால்லடா, கடலு நம்ம மேஸ்திரிய விட கரெக்டா கீது"ன்னு சொல்லி அட்டைல எயுதிகினான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு கடலுன்னா பயம். சின்னதுல ஒரு வாட்டி அலை காலைச் சுத்தி இழுத்ததுலேர்ந்து பயம். இத்த யார்கிட்டயும் சொன்னதில்ல, கிண்டல் பண்ணுவானுங்க. கெளம்புற அன்னிக்கு ஜொரம்னு போத்திகினு படுத்துட்டேன். கஜா பையோட வந்தான், குந்துனான், நெத்தில கை வெச்சி பாத்தான். நெத்தி சில்லுனு கீது, எனக்கே தெரியுது. பாபு வாசல்லேர்ந்து "இன்னாடா, ஐயா ஜகா வாங்கிட்டாரா?"ன்னு கத்துறான், இவன் "டேய், நெருப்பா கொதிக்குதுடா, வுடுறா"ன்னான். எனக்கோசரம் பொய் சொன்னான் அண்ணாத்தே. போத்திகினு கெடந்த நானு கண்ணகூட தொறக்கல.

மூணாவது நாளு நான் வேலைக்கு போயிட்டேன். பட்டப்பகலு, பட்டறை புல்லா ஆளு, மெஷினு சத்தம் காத கியிக்குது. கஜா மெஷினு மட்டும் நிறுத்தி துணி போட்டு மூடி வெச்சிருந்திச்சி. நான் ஒரு ஷாப்ட்டு, இரும்பு தண்டு, அத்த கடைஞ்சிகினு கீறேன். தூணுக்கு அந்த பக்கத்துலேர்ந்து, "மச்சான், மணி இன்னா?"

எப்பவும் கேக்குற மாதிரியேதான். நான் கடியாரத்த ஒரு பார்வ பாத்தேன், பத்து. "பத்து"ன்னேன்.

"நல்லா பாத்து சொல்லுடா."

"பத்துதான்டா, போடா."

ரெண்டாவது வாட்டி நான் கடியாரத்த பாக்கல. வெரலு மெஷின்ல கீது, பாக்கல. சொல்லிட்டு நாலு சுத்து ஓடியிருக்கும், அப்பதான் ஒறச்சிது, இவன் ஊர்லயே இல்லியே. திரும்புனா யாரும் இல்ல. துணி போட்ட மெஷினு அப்படியே கீது. மேஸ்திரி எதிர்ல நின்னுகினு, "இன்னாடா பத்து, யார்கிட்ட பேசிகினு கீற? மணி பதினொன்னரை ஆவுது, இன்னும் மூணு ஷாப்ட்டு கூட முடியல"ன்றாரு. கடியாரத்த பாத்தேன். பதினொன்னரைதான். நான் பாத்தப்ப பத்து அண்ணாத்தே, சின்ன முள்ளு பத்துல, பெரிய முள்ளு மேல, எங்கம்மா மேல சத்தியமா.

சாயந்தரம் மொதலாளி ரூமுக்கு போன் வந்திச்சி. கஜாவ தண்ணி இஸ்துகினு போயிடுச்சின்னு. மீன் புடிக்கிறவங்கதான் தேடி எடுத்து குடுத்தாங்க.

எட்டு நாளு கயிச்சி பாபு எங்கூட்டுக்கு வந்தான். வந்து செவுத்துல சாஞ்சிகினு சொன்னான்:

"பத்து மணிக்கே போனோம்டா. போவச்சொல்ல தண்ணி கொஞ்சம் தள்ளிதான் இருந்திச்சி. பாதிக்கு மேல போனப்பறம் முட்டிக்கு வருது. திரும்பிடலாம்டா, என் வாட்சுல பதினொன்னரை ஆவுதுன்னு கத்துனேன். அவன் நின்னான். மலைய பாத்து திரும்பிகினு, 'மச்சான், மணி இன்னா'ன்றான். அங்க யாருடா கீறா? வெறும் செவப்பு மண்ணு. கொஞ்ச நேரம் காது குடுத்தான், இன்னொரு வாட்டி ஏதோ கேட்டான். அப்பால என்ன பாத்து சிரிச்சிகினே, 'உன் வாட்சு டூப்புடா, மணி பத்துதானாம், இன்னும் டைம் கீது'ன்னு சொல்லிட்டு நடந்துட்டான். நான் திரும்பி ஓடியாந்துட்டேன். அவனுக்கு பயத்துல புத்தி கலங்கிடுச்சிடா, பாவம்."

பக்கத்துல இருந்த தண்ணி சொம்ப எடுத்து பாபுகிட்ட குடுத்தேன், அவ்ளோதான். அடுத்த நாளு சேட்டன்கிட்ட போயி நின்னேன், அந்த 'ஆனா'வ கேட்டேன். "மோனே, கடலு ஒரு நாளு மாதிரி ஒரு நாளு இல்ல. தெனம் முக்கா மணி நேரம் தள்ளி தள்ளி போவும். அங்க போயி வலை போட்றவன்கிட்ட கேட்டுட்டு எறங்கணும்னு சொல்ல வந்தேன், நீ ஓடிட்டியே"ன்னாரு.

கஜாவ கிறுக்கு புடிச்சவன்னு பாபு நெனச்சிகினு கீறான். கஜா கிறுக்கு இல்ல. அவன் நம்புனது என்னிய. கைல வாட்சு கட்டுனவன் பக்கத்துல நிக்கறான், அவன வுட்டுட்டு என்னிய நம்புனான், நான் ஜொரம்னு பொய் சொல்லி படுத்துகினேன்னு தெரிஞ்சும்.

இன்னிக்கு வரைக்கும் என்னிய குத்துறது எது தெரியுமா? மொத தபா கடியாரம் பத்து காட்டிச்சி, அது என் தப்பில்ல, அது இன்னாவோ எனக்கு தெரியாது. ஆனா அவன் நல்லா பாத்து சொல்லுடான்னான். அப்ப நான் தலைய தூக்கியிருந்தா கடியாரம் இன்னா காட்டியிருக்கும்? பதினொன்னரை காட்டியிருக்குமா? அதுக்கோசரம்தான் அவன் ரெண்டாவது வாட்டி கேட்டானா?

கஜாவோட அம்மா என்னிய எப்ப பாத்தாலும் தலைய தடவி, "நீயாச்சும் அன்னிக்கு ஜொரத்துல படுத்துகினியே நைனா, எந்த சாமி புண்ணியமோ"ன்னு சொல்லுது. நான் தலைய குனிஞ்சி நிப்பேன். இத்த நீங்க எயுதி போட்டா யாராச்சும் அவங்களுக்கு படிச்சி காட்டுவாங்க. காட்டட்டும். அதுக்குதான் சொன்னேன்.

எனக்கு ஒண்ணும் வேணாம், என்ன திட்டிட்டு போங்க. அவனுக்கு மட்டும் வேண்டிக்கோங்க. எந்த சாமி கும்புட்றவங்களா இருந்தாலும் செரி, கஜேந்திரன், வயசு இருவத்தி மூணு, அவன் அந்த மலைக்கு கீய மணி கேட்டுகினு நிக்காம நல்லபடியா கரையேறணும்னு அல்லாரும் ஒரு வாட்டி வேண்டிக்கோங்க.