நாற்பது கேமராவுக்கு ஒரு கையெழுத்து

எவாஞ்சலின் யாரையும் ஏமாற்றத் தெரியாதவள். ஒரே ஒரு நாள் அவசரப்பட்டாள். கோவில்பதாகையில் அவளுக்குப் பக்கத்து வீடு நான். அந்த ஒரு நாளுக்காக அவள் படும் பாட்டைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் தலைமைக் காவலர். தடுப்பு வேலி, வாக்கிடாக்கி, கேமரா என்று ஸ்டேஷன் சாமான்கள் எல்லாம் அவள் பொறுப்பு. கணவன் பிராங்குக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம். இருவரும் ஒன்றாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நகராட்சி தன் பட்ஜெட்டில் அந்த ஸ்டேஷனுக்கு நாற்பது கேமரா வாங்கிக் கொடுத்தது. அன்று மார்ச் முப்பத்தொன்று. 'பெற்றுக்கொண்டேன்' என்று அன்றைக்குள் கையெழுத்தாகாவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். வந்து இறங்கியதோ இருபத்தாறு. "மீதி நாளைக்கு வந்துடும்மா" என்றார் நகராட்சி குமாஸ்தா கோவிந்தராஜ். வாசலில் ரிப்பன் கட்டி, சால்வையோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நாற்பதுக்கும் போட்டுக் கொடுத்தாள். அவர் சொன்ன 'நாளை' இன்னும் விடியவில்லை.

மீதியைக் கேட்டுப் போனால், "கையெழுத்து இருக்கேம்மா" என்பார் கோவிந்தராஜ். அடுத்த பட்ஜெட்டில் நாற்பது கேமராவுக்கும் பராமரிப்புச் செலவு சேர்ந்தது. எல்லாம் சரிபார்த்தாயிற்று என்று மாதாமாதம் பராமரிப்புக் கம்பெனி ஆள் கௌதம் சர்வீஸ் தாளை நீட்டுவான். போடாவிட்டால் பழையது கிளறப்படும் என்று பயந்து அதிலும் போட்டாள்.

போன மாதம், ஆறு வருடமாகக் கேட்ட தூத்துக்குடி மாறுதல் வந்தது. தெருவுக்கே கேசரி கொடுத்தாள். பொறுப்பை ஏற்க வந்த திருமுருகன், வானகரம் முதல் நூம்பல் வரை கம்பம் கம்பமாக எண்ணிவிட்டு வந்தான்.

"இருபத்தாறுதான்க்கா கீது. கண்ணால பாக்காததுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவள் வந்து சொன்னபோது எனக்கு அவனைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அவன் செய்ததுதான் சரி, அன்று இவள் செய்யாதது. அவன் ஏற்றால்தான் இவளை இங்கிருந்து விடுவிப்பார்கள்.

உண்மையை எழுதிக் கொடுக்கலாமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். "எழுது. முதல்ல உன்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. ரெண்டு வருஷமா சர்வீஸ் தாள்ல வேற போட்டு வச்சிருக்க" என்றார்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தவள் என் வீட்டு வாசலில் நின்றபோது, தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு பார்த்திருந்த பிராங்க் அழைத்தார்; ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீட்டுக்காரர் இன்னைக்கே பதில் கேக்காரு. ரெண்டு ரூம், மாடி. பேசி முடிச்சிரட்டா?"

அதே நேரம் கௌதம் பைக்கில் வந்து நின்றான். "அக்கா, இந்த மாசத் தாளு. சீக்கிரம் போட்டு குடு, இன்னும் நாலு இடம் போவணும்."

அவள் தாளைப் பார்த்தாள். நாற்பது என்று அச்சடித்திருந்தது.

"வேற யாருக்காவது குடுத்திரச் சொல்லுங்க" என்று பிராங்கிடம் சொல்லி, போனை வைத்தாள். பிறகு கௌதமின் தாளை வாங்கிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.