தறி நின்றால் விளக்கு எரியணும்

மற்ற நிரல்காரர்கள் பிழையைக் கண்ணால் தேடுவார்கள். ஒலிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவர்கள் காதால் தேடிச் சாக வேண்டும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழி. இதற்குப் பெயர் பூலியன். இதிலென்ன பெரிய பிழை வந்துவிடும் என்று கேட்கிற பாக்கியசாலிகள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். சகபாவிகள் மட்டும் உட்காருங்கள். ஒலிக்கான நிரல்மொழியில் இந்த ஆம்-இல்லையும் சத்தத்தோடு சத்தமாக நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஓடும். திரையில் அச்சிட்டுப் பார்க்கலாமென்று போனால் கணினி மூச்சுத் திணறிப் படுத்துவிடும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகம் வந்த பூலியனை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடுவோம். ஆம் என்றால் கூவும். இல்லை என்றால் சும்மா இருக்கும்.

பட்டறை பெரியநாயக்கன்பாளையத்தில். முதலாளி ரஃபீக் பாய், கோட்டைமேட்டுக்காரர், கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டியவர். ஒயர் வேலைக்கு செந்தில். நிரலுக்கு நான். இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடத்தில் குளிரக் குளிர உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தகரக்கூரைக்குக் கீழே வேர்த்து வழிந்த நாட்களுக்குத்தான் மனசு ஏங்குகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

வாக்குக் கொடுத்த கதை

சோமனூரில் பாய்க்குத் தெரிந்தவர் சரசக்கா. வீட்டோடு நான்கு விசைத்தறி, ஓட்டுவதற்கு அவர் ஒருத்தர்தான். தறிச் சத்தத்திலேயே நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. கிட்டே போய் உரக்கப் பேசினால் புரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தறி நின்றுபோனால் தெரியாது. அதனால் தறிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் சேலைத் தலைப்பு பெல்ட்டில் மாட்டப் பார்த்ததை அவருடைய மகன் கோபால் கண்ணால் கண்டுவிட்டான். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அம்மாவை ஈரோட்டில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக முடிவு கட்டிவிட்டான். பொங்கல் வரைக்கும்தான் தவணை.

அக்காவுக்குத் தறியை விட மனசில்லை. பாய் ஒரு எச்சரிக்கைப் பெட்டி செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தறிக்கும் நெருக்கமாக, அதை மட்டும் கேட்கிற மாதிரி ஒரு மைக், மேலே ஒரு சிவப்பு விளக்கு. எந்தத் தறியின் சத்தம் நிற்கிறதோ அதன் விளக்கு எரிய வேண்டும். நின்ற இடத்திலிருந்தே அக்கா நான்கையும் பார்த்துக்கொள்வார். சுவிட்ச் வைத்தால் போதுமே என்று நானும் கேட்டேன். வைத்துப் பார்த்தார்களாம், தறியின் ஆட்டத்தில் கழன்று விழுந்துவிட்டதாம். மோட்டாரைப் பார்த்தும் பயனில்லை, தறி நின்றாலும் அது பாட்டுக்குச் சுற்றும். பாய் என் மேசையில் நான்கு மைக்கை வைத்துவிட்டுச் சொன்னார்: "சத்தத்தைத்தாம்மா நம்பணும். நமக்குத் தெரிஞ்ச தொழிலும் அது ஒண்ணுதான்."

நான்கும் எரிந்தன

நான் என் பூலியனுக்கு வைத்த பெயர் 'ninnuchu'. தறி நின்றுவிட்டால் ஆம். செந்திலோ, ஆம் என்றாலே ஓடுகிறது என்றுதானே அர்த்தம், நல்ல சேதிக்குத்தானே ஆம் வரும் என்று அவனாக நினைத்து, இல்லை வந்தால் எரிகிற மாதிரி ஒயரைக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவனைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

சோமனூரில் போய் மாட்டி, தறிகளை ஓட்டி, சுவிட்சைப் போட்டோம். நான்கு விளக்கும் ஜெகஜோதியாக எரிந்தன. செந்தில் கை தட்டினான். எனக்கு அவனை அங்கேயே ஒரு அறை விடலாம் போலிருந்தது. சரசக்கா மட்டும் நிதானமாக விளக்கையும் தறியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாத் தறியும் ஓடுது, எல்லா லைட்டும் எரியுது. இப்ப நானு எதைத்தானுங் கண்ணு பாக்கறது?"

மினுக் மினுக்

ஒயரைத் திருப்பிப் போட்டோம். முன்பு எரிந்த ஜோரில் கண்ணில் படாத மினுக்கல் இப்போது தெரிந்தது. தறியின் சத்தம் ஒரே இழையாக வராது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு கணம் ஓய்வு. என் நிரல் அந்த ஓய்வையெல்லாம் தறி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டது. ஸ்பீக்கருக்குத் திருப்பினால் என் பூலியன் விக்கல் எடுத்தவன் மாதிரி விட்டுவிட்டுக் கூவியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வராவிட்டால் மட்டும் ஆம் சொல் என்று அதற்குப் பொறுமை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கே இல்லாத குணம் அது.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் லைட்டுப் போட்டாப்ல இருக்குதுங் கண்ணு. வேலைக்கு ஆகாட்டியும் பாக்க நல்லாத்தான் இருக்குது."

உள்ளங்கை

பொறுமை கற்றுக்கொண்ட பெட்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் அக்காவிடமிருந்து வீடியோ கால். மூன்றாம் தறி நின்றால் விளக்கு எரிவதில்லையாம். வண்டியைப் பாய் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார். போனில் பேசினால் அவருக்குக் கேட்காது. சோதனைக்கென்று பெட்டியிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தோம், பச்சைப் பொத்தானை அமுக்கினால் பூலியன் அதில் கூவும். செந்தில் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினான்: தறியை நிறுத்துங்க, பெட்டியில பச்சைப் பொத்தானை அமுக்குங்க, ஸ்பீக்கர் கூவுதா? எழுதி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. காது கேட்காதவரிடம் போய்க் கூவுகிறதா என்று கேட்டிருக்கிறோம்! செந்தில் அவசர அவசரமாகப் பலகையை அழித்தான்.

அதற்குள் அக்கா தறியை நிறுத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, பெட்டியின் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுதிய பூலியனை அதுவரை யாரும் அவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததில்லை. அக்கா கண்ணைத் திறந்து ஆமென்று தலையாட்டினார். அப்படியானால் நிரல் சரி, கோளாறு விளக்குக்குப் போகும் வழியில் என்று புரிந்தது. செந்தில் ஒயரைப் பார்க்கச் சொல்லி எழுதினான். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒயரோடு திரும்பி வந்தார். "கையில உறுமுச்சுங் கண்ணு, உங்க பொட்டி மேல குத்தமில்லை. ஒயரைத்தான் எலி கடிச்சுப்போட்டுது."

கோபால் வந்த அன்று

பொங்கலுக்கு முந்தின வாரம் கோபால் வந்தான். பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். கெட்ட பையன் இல்லை. அந்தச் சேலைத் தலைப்பை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை என்று எங்களிடம் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தறியை நிறுத்துவேன், விளக்கைப் பார்த்து அவர் கண்டுபிடித்தால் தறிகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் நாளைக்கே வண்டி வரும் என்றான். பாய் சரி என்றுவிட்டார்.

அக்கா முதல் தறியில் முனைப்பாக இருந்தார். கோபால் பின்னால் போய் நான்காம் தறியின் கைப்பிடியைத் தட்டினான். தறி நின்றது. விளக்கு எரியவில்லை. நானே கற்றுக்கொடுத்த பொறுமையை நானே சபித்தேன். செந்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பாயின் உதடுகள் அல்லாவிடம் துவா கேட்டு அசைந்தன. அப்புறம் சிவப்பாக எரிந்தது.

அக்கா நிமிர்ந்தார், விளக்கைப் பார்த்தார், திரும்பினார். மகனுடைய கை இன்னும் கைப்பிடியின் மேலேயே இருந்தது. கோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அக்காவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. நேராக வந்து அவன் கையைத் தட்டிவிட்டுத் தறியை ஓட்டினார். "ஏன் சாமி, ஓடற தறிய நிறுத்தறதுக்கா ஈரோட்டுல இருந்து வந்தே? சும்மா நிக்காம போயி நூலெடுத்துத் தார் சுத்து, போ."

சோதனை தேறிவிட்டது என்று எந்தக் கணினியும் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை, சகபாவிகளே.