ஒரு பள்ளிக்கு ஒரே உடை

லோர்னா வாவ்ராவின் கடையில் அந்த வருஷம் தொங்கிய உடைகளிலேயே அழகானது ஒரு பச்சைச் சாட்டின் கவுன். தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நிஜமாகவே வாங்க வந்தவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியைத்தான் லோர்னா திருப்பி அனுப்பினாள். இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காதுமடல் சூடாகும்.

நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கும் இறைச்சித் தொழிற்சாலைக்கும் நடுவே கிடக்கிற ஆல்டர்ட்டன் ஊரில், கடைவீதி என்று இப்போது சொல்லிக்கொள்ள லோர்னாவின் கடையும் ஒரு ரொட்டிக் கடையும்தான் மிச்சம். செருப்புக் கடைக்காரர் முதலில் பூட்டினார். பிறகு பாத்திரக் கடை, பொம்மைக் கடை, ஆணி முதல் ஏணி வரை விற்ற இரும்புக் கடை. அவை நின்ற இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் காகிதம் ஒட்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் சாமான் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. முன்னைவிட அதிகமாகத்தான் வாங்குகிறார்கள். எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் அட்டைப்பெட்டி கிடக்கிறது.

லோர்னா பண்ணையில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போனபோது கைக்கு வந்ததை வைத்து, கல்யாண உடை விற்ற ஒரு கிழவியிடமிருந்து இந்தக் கடையை வாங்கினாள். கல்யாண உடையைவிட ப்ராம் உடைதான் அதிகம் போகும் என்பது முதல் வருஷமே தெரிந்துவிட்டது. ப்ராம் என்பது பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளின் நடன விருந்து. ஆல்டர்ட்டனில் நடனத்தைவிட அதற்கு முந்தைய அணிவகுப்புதான் பெரிது. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஊரே படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும். மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு ஜோடியாக நடந்து வருவார்கள். அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் ஒரே உடையில் வந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தாயையும் கேட்டால் சொல்வாள்.

அதனால் லோர்னா ஒரு வாக்குக் கொடுத்தாள். ஒரு பள்ளிக்கு ஒரே உடை. அவள் புருஷன் டுவேன் அதைக் கடை ஜன்னலில் வெள்ளைப் பெயின்ட்டால் வளைவாக எழுதினான். ஒரு பெண் ஓர் உடையைப் போட்டுப் பார்த்து "இதுதான்" என்று சொல்லிவிட்டால், லோர்னா ஒரு ரிப்பனில் அவள் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதி ஹேங்கரில் கட்டுவாள். அதன்பின் அந்தப் பள்ளியிலிருந்து யார் வந்து கேட்டாலும் கிடையாது. முன்பணம் வாங்குவதில்லை. சொன்ன சொல் போதும். எந்த அட்டைப்பெட்டியிலும் வராத சரக்கு இது ஒன்றுதான், இது இருக்கும்வரை தன் கடைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் திடமாக நம்பினாள்.

பிப்ரவரியில் ட்ரீஷா ஹோஃப்லிங் தன் மகள் கெய்லினைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ட்ரீஷாவும் தன் காலத்தில் இதே கடையில் உடை எடுத்தவள்தான். அவளுக்காக அப்போது லோர்னா வேறு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்று மதியம் முழுக்கக் கெய்லின் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். லோர்னா மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தை மடித்துக் காட்டினாள். பச்சைக் கவுனைப் போட்டதும் பெண் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதுவிட்டாள்.

"இதுதான் மிசஸ் வாவ்ரா. இதுதான்."

"அழுவாத கண்ணு, சாட்டின்ல கறை விழுந்தா போகாது," என்றாள் லோர்னா.

ட்ரீஷா தண்ணீர் கேட்டாள். லோர்னா உள்ளே போய் எடுத்து வருவதற்குள் அவள் கையில் போன் இருந்தது. மகளைப் படம் எடுக்கிறாள் என்றுதான் லோர்னா நினைத்தாள். "அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறோம்," என்று சொல்லிப் போனார்கள். லோர்னா ரிப்பன் கட்டினாள்.

மார்ச்சில் யரேட்சி கப்ரால் வந்தாள். அதே பள்ளி, அதே வகுப்பு. அவள் அம்மா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். யரேட்சி நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் நிற்பாள். கதவைத் திறந்து நேரே பச்சைக் கவுனிடம் போனாள். ரிப்பனைப் படித்தாள்.

"இவ பணம் கட்டிட்டாளா?"

"இல்ல. சொல்லிட்டுப் போயிருக்கா."

"நானும் சொல்றேன். சொல்றதோட நிக்காம பணமும் கட்டறேன்."

"அப்படிக் கிடையாதும்மா. அவ முதல்ல சொல்லிட்டா. வேற பாரு, சிவப்புல ஒண்ணு வந்திருக்கு, உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"என் நிறத்துக்கு எது எடுப்பா இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் வேறெதையும் பார்க்காமல் போய்விட்டாள். லோர்னாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

ஏப்ரல் வந்தது. ட்ரீஷா வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ப்ராமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் கதவு மணி அடித்தது. ட்ரீஷாவும் கெய்லினும். ட்ரீஷாவின் கையில் சாம்பல் நிற பிளாஸ்டிக் உறை.

"லோர்னா, ஒரு சின்ன வேலை. இடுப்புல கொஞ்சம் பிடிக்கணும், கீழ மடிக்கணும். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை."

உறைக்குள்ளிருந்து பச்சையாக ஒன்று வெளியே வந்தது. லோர்னா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். சாட்டின் மாதிரி மினுங்கியது, ஆனால் மழைக்கோட்டுத் துணி மாதிரி சரசரத்தது. மணிகளை நூலில் கோர்க்காமல் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கத் தையல் இழுத்துக்கொண்டு நின்றது. வெட்டு மட்டும் அதே வெட்டு.

"இது எங்க வாங்கினது ட்ரீஷா?"

"ஆன்லைன்ல. இங்க இருக்கறதுல பாதி விலை கூட இல்ல."

"இந்த மாடல் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

ட்ரீஷா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கெய்லின் தரையைப் பார்த்தாள். லோர்னாவுக்கு அந்தத் தண்ணீர் டம்ளர் ஞாபகம் வந்தது.

"நான் உள்ள தண்ணி எடுக்கப் போனப்ப கவுன்ல நம்பர் போட்டுத் தொங்குன சீட்டைப் படம் பிடிச்ச, இல்ல?"

"எல்லாரும் செய்யறதுதானே லோர்னா. இதுல என்ன இருக்கு? போட்டுப் பாத்தாத்தானே அளவு தெரியும்? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்க முடியுமா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேனா? உன் மகளுக்கு அளவு பாக்க? வாடகை கட்டி, விளக்குப் போட்டு, முட்டி தேய மண்டி போட்டு, உனக்கு அளவு பாத்துச் சொல்றதுக்கு?"

"தையலுக்குக் காசு தர்றேன்னுதானே சொல்றேன். சும்மாவா கேக்கறேன்?"

"வந்த உறையிலேயே போட்டுத் திருப்பி அனுப்பு. அவங்களையே இடுப்புல பிடிக்கச் சொல்லு."

"ஒரே ஊர்க்காரங்கன்னு நம்பி வந்தேன்."

"ஊர்க்காரங்கன்னு நம்பித்தான் நான் ரிப்பன் கட்டினேன். கதவைச் சாத்திட்டுப் போ."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசற்படியில் அட்டைப்பெட்டி. டுவேன் சோள லாரி ஓட்டுகிறவன். லாரிக்கு ஏதோ வடிகட்டி வரவழைத்திருந்தான். லோர்னா அதைக் காலால் ஓர் உதை விட்டாள்.

"உனக்குமா? என் வீட்டு வாசலுக்கேவா?"

"ஊருக்குள்ள இதை எந்தக் கடையில வாங்கச் சொல்ற?" என்றான் டுவேன், பெட்டியை ஓடிப்போய் எடுத்துத் தடவிக்கொண்டே.

"இரும்புக் கடையில வித்தானே."

"அவன் மூடிட்டான்."

"ஏன் மூடினான்?"

டுவேன் திரும்பிக்கொண்டான். பெட்டியை லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். அதன்பிறகு வந்த பெட்டிகளையெல்லாம் தங்கை வீட்டு முகவரிக்கு வரவழைத்துக்கொண்டான் என்பது வேறு கதை.

மறுநாள் காலை லோர்னா கடையைத் திறக்கவில்லை. காரை நேரே பெட்ரோல் பங்குக்கு விட்டாள். கல்லாவில் யரேட்சி நின்றிருந்தாள். வரிசையில் யாரும் இல்லை. லோர்னா எதையும் ஒளிக்காமல் சொன்னாள்: பச்சைக் கவுன் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கெய்லின் அதே மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவாள்.

யரேட்சி சில்லறைத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கோவத்துல விக்கறீங்களா மிசஸ் வாவ்ரா?"

"ஆமா."

"அப்ப அந்தக் கோவம் விலையில தெரியணும்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "தையல் சும்மா. சால்வையும் தர்றேன். அவ அதே மாதிரி போட்டுட்டு வந்தா உனக்குப் பரவாயில்லையா?"

"எனக்கென்ன? கூச்சப்படறவங்க மாத்திக்கட்டும்."

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பும்போதுதான் லோர்னாவுக்குத் தான் செய்தது உறைத்தது. ஜன்னலில் எழுதிய வாக்கை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மீறியது அவளேதான். வேறு யாரும் மீறவில்லை. ட்ரீஷா செய்தது திருட்டு. இது வேறு. இது தெரிந்து செய்தது. அப்படி நினைத்ததும் கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது. தன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினாள்.

சனிக்கிழமை அணிவகுப்பு. கூடம் நிரம்பி வழிந்தது. லோர்னா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் யரேட்சியின் பெயர் வந்தது. பச்சைச் சாட்டின் தரையைத் தொட்டும் தொடாமலும் அவளோடு நகர்ந்தது. அவள் இடமும் வலமும் பார்த்து, யாருக்கோ கையசைத்து, ராணி மாதிரி நடந்தாள். நாலைந்து ஜோடி தள்ளிக் கெய்லின். அதே பச்சை. இடுப்பில் ஊக்குகள் தெரியாமலிருக்க ஒரு கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள். கீழோரம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தரையைத் துடைத்தது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. பெண்ணின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. லோர்னாவின் விரல்கள் மடியில் தாமாகவே ஓரம் மடித்தன. அவள் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பாரேன், ரெண்டும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே சைட்ல வாங்கியிருப்பாங்க. எதுன்னு தெரிஞ்சா நம்ம சின்னவளுக்கும் வாங்கலாம்."

லோர்னா திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். பசை போட்டு ஒட்டிய மணிக்கும் கையால் கோர்த்த மணிக்கும் மூன்று வரிசைக்கு அப்பாலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது. இந்த நிஜம் ட்ரீஷாவைவிட அதிகமாக அவளைச் சுட்டது.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் ட்ரீஷா அவளை வழிமறித்தாள். மரியாதை போய்விட்டிருந்தது.

"நீ வாக்குக் குடுத்திருந்த. ஜன்னல்ல அம்மாம் பெருசா எழுதி வச்சிருக்க. ஒரு பள்ளிக்கு ஒரே உடைன்னு. என் பொண்ணை ஊர் முன்னாடி நிக்க வச்சுட்ட."

"வாக்கு என் கடைக்கு. உன் பெட்டிக்கு இல்ல."

"அவ பேர்ல ரிப்பன் கட்டினல்ல?"

"கட்டினேன். அதை நம்பி ஒரு பொண்ணைத் திருப்பியும் அனுப்பினேன். உன் ப்ராமுக்கும் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? அவ அம்மா அதுக்கப்புறம் என்கூடப் பேசவே இல்ல. நீ வந்து சீட்டைப் படம் பிடிச்ச."

கெய்லின் காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லோர்னாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணிடம் மட்டும் லோர்னாவால் கோபப்பட முடியவில்லை. சீட்டைப் படம் எடுத்தது அவள் இல்லை. அன்று கண்ணாடி முன்னால் வந்த அழுகையும் பொய் இல்லை. அதை நினைத்ததும் அவள் தாய் மேல் கோபம் இரண்டு மடங்காயிற்று.

திங்கட்கிழமை காலை லோர்னா பிளேடு எடுத்து ஜன்னல் எழுத்தைச் சுரண்டத் தொடங்கினாள். மீறிய வாக்கை மாட்டி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பெயின்ட் இறுகிப்போயிருந்தது. 'உடை' போயிற்று. 'ஒரே' பாதியில் இருக்கும்போது வெளியூர் எண்கொண்ட ஒரு கார் வந்து நின்றது. ஒரு தாயும் மகளும் இறங்கினார்கள். பக்கத்து மாவட்டப் பள்ளியில் மே மாதம்தான் ப்ராம்.

"ஒரு பள்ளிக்கு ஒரே உடைன்னு நீங்கதானே?" என்றாள் தாய். "எங்க அக்கா சொன்னா. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஏன் அழிக்கறீங்க? இப்ப அது கிடையாதா?"

லோர்னா பிளேடோடு நின்றாள். கிடையாது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. பெண்ணின் கண் ஏற்கெனவே உள்ளே தொங்கிய ஒரு நீல உடையின் மேல் போயிருந்தது. அதே பார்வை.

"இருக்கு," என்றாள் லோர்னா. பிளேடை ஏப்ரனில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ரொட்டிக் கடையிலிருந்து வந்த காலிக் கூடை ஒன்று மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து வந்து உடை மாற்றும் இடத்தின் திரைக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு பேரும் போனை இதுல போடுங்க. அப்புறம் எத்தனை வேணா போட்டுப் பாருங்க."

"படம் எடுக்காம எப்படி முடிவு பண்றது?" என்றாள் பெண்.

"அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்குல்ல."

பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு தன் போனைப் போட்டாள். தாய் போடவில்லை. "இது கொஞ்சம் அதிகமாத் தெரியலயா உங்களுக்கு?" என்றாள், போனை மார்போடு பிடித்துக்கொண்டு. "எங்களைப் பாத்தா திருடங்க மாதிரியா இருக்கு?"

"யாரைப் பாத்தாலும் அப்படித் தெரியறதில்ல," என்றாள் லோர்னா.

கூடையை நீட்டியபடியே நின்றாள். கை கடுத்தது. இறக்கவில்லை.