மூக்கில்லாமல் ஆக்கிய கறி

பட்டறைத் தொழிலாளிகள் சாப்பிடும் அந்த மெஸ்ஸில் அவளுக்குப் பெயர் கரண்டியக்கா. அவள் கரண்டியை எடுத்துவிட்டால் முதலாளியே சமையற்கட்டு வாசலில் நின்றுதான் பேசவேண்டும். கணவன் போன பிறகு பாத்திரம் கழுவ வந்தவள், முட்டிமோதி அடுப்பைப் பிடித்தாள். பிடித்ததை லேசில் விடுகிற ஆள் இல்லை.

போன மாதம் வந்த காய்ச்சல் அவளுடைய மோப்பத்தையும் நாக்கு ருசியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. உப்புக்குக் கைக்கணக்கு இருந்தது. வெங்காயம் வதங்குவதைச் சத்தத்திலேயே பிடித்தாள். ஆனால் ஒருநாள் பருப்பு தீய்ந்தது தெரியாமல் பரிமாறிவிட்டாள். முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவள் அடுப்பில் நிற்பதா, மறுபடி கழுவப் போவதா என்று சொல்கிறேன் என்றார்.

"கழுவப் போறதா? நானா? அதையும் பாத்துருவோம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அது அவசரத்துக்கு அடங்குகிற கறி இல்லை. எலும்போடு இளங்கறியைப் பிரட்டி, வெங்காயம், இஞ்சி, பட்டை, மல்லித்தூள் எல்லாம் சேர்த்துக் காலையிலிருந்து சிறு தீயில் கிடக்கவேண்டும். கறி எலும்பை விட்டு நழுவும்போதுதான் ஊறவைத்த உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் உலர்திராட்சையும் விழும்.

காய் நறுக்க இருந்தவள் அவளுடைய ஓரகத்தி. குடும்பம் பிரிந்தபோது ஒரு தையல் மெஷினுக்காக முட்டிக்கொண்டவர்கள்; அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே சமையற்கட்டில் வேலை என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் இருவரும் சுவரிடம் பேசுவார்கள். "உப்பு ஜாடி காலின்னு யாருக்காவது தெரியுமா?" என்று ஒருத்தி சுவரைக் கேட்பாள். மற்றவள் சுவருக்கே பதில் சொல்லிவிட்டு ஜாடியை நிரப்புவாள்.

கரண்டியக்கா பழக்கிண்ணத்தை எடுத்தபோது ஓரகத்தி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஊறவச்ச பழம் கெட்ட வாடை அடிக்குது."

கரண்டியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குப் பார்த்தா இவள் வேலையைக் காட்டுகிறாள்! கிண்ணத்தைச் சட்டிக்கு மேல் சாய்த்தாள். சாய்த்த கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் இவள் சுவரிடம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள், ஆனால் பொய் சொன்னதில்லை. கிண்ணத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

திரும்பி, ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "நெஜமாவா? எனக்கு ஒண்ணும் தெரியலடி. மோப்பம் போயிருச்சு."

ஓரகத்தி கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. பருப்பு தீஞ்ச அன்னிக்கே தெரியும்." கிண்ணத்தைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினாள். புதுப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். "இது நல்லாருக்கு. சுடுதண்ணில ஊறப் போடறேன், நீ தீயக் கொற."

மதியம் முதலாளி ஒரு தட்டை வழித்துச் சாப்பிட்டு விரலையும் சூப்பினார். "கறில ஒரு குத்தமும் இல்ல. ஆனா உண்மையச் சொல்லு, உனக்கு வாசனை தெரியுதா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. கரண்டியக்கா அதை முழுங்கினாள்.

"தெரியல. இவளுக்குத் தெரியும். மூக்கு இவளோடது, கை என்னோடது. அடுப்புல ரெண்டு பேரும்தான் நிப்போம். ஒத்துக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

"நீங்க ரெண்டு பேரும் மொகம் குடுத்துக்கூடப் பேச மாட்டீங்களேம்மா?"

ஓரகத்தி முந்திக்கொண்டாள். "இனிமே பேசிக்குவோம். சண்டையும் நேருக்கு நேராவே போட்டுக்குவோம். சாப்பிட்டாச்சுன்னா எழுந்திருங்க, பசியோட ஆளுங்க நிக்கிறாங்க."