கடல்தண்ணீர் வைத்தியம்

என் கணவர் சுனாமியன்று வயிறு முட்டக் கடல்தண்ணீர் குடித்தவர். கல்லடியில் எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போன கடல், அவரை மட்டும் ஒரு தென்னையில் மாட்டி வைத்துவிட்டுப் போனது. அதற்கு முன் இரண்டு வருடமாக அவருக்கு வறட்டு இருமல். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். பள்ளிக்கூட முகாமில் இருந்த மாதங்களில் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

“கடல்தண்ணி நெஞ்சக் கழுவிட்டுது,” என்றார். அவ்வளவுதான், முகாமுக்கே வைத்தியராகிவிட்டார். இருமுகிற கிழவர்கள் போத்தலோடு கடற்கரைக்குப் போனார்கள். வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

அதே காணியில் திரும்ப வீடு கட்டினோம். எனக்குச் சமைக்கக் குசினி கட்ட முதல் அவர் புறாக்கூடு கட்டினார். பழைய புறாக்களைக் கூட்டோடு கடல் கொண்டுபோயிருந்தது. குஞ்சுகளாக வாங்கிக் கூரை நிறைய வளர்த்தார். கூட்டில் கிடக்கும் எச்சத்தைத் தன் கையாலேயே கூட்டி அள்ளுவார். இருமல் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இவரோ விடிந்ததும் கடலுக்குப் போய் ஒரு மிடறு குடித்துவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம், கல்லடிப் பாலத்தின் நடுவில் நடக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாகிவிட்டது. பயந்துபோய், நெஞ்சு வருத்தம் பார்க்கும் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சுவாசப்பைக்குள் குழாய் விட்டு, உப்புத்தண்ணீர் ஊற்றி, உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். உப்புத்தண்ணீர் என்றதும் இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பட்டம் வாங்கியவர் மாதிரி.

“கிருமி ஒண்டும் இல்ல,” என்றார் டொக்டர். “ஆனா கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளையணுக்கள் நெஞ்சு நிறையக் குவிஞ்சு கிடக்கு. ஏதோ தூசிய எதிரியெண்டு நினைச்சு அடிபடுகுதுகள். அடிபடுற இடமெல்லாம் தழும்பாகுது. வீட்டில பறவை வளர்க்கிறீங்களா?”

“இல்ல,” என்றார் இவர்.

“கூரை நிறையப் புறா,” என்றேன் நான்.

புறாவின் எச்சமும் இறகுத்தூளும்தான் காரணமாம். முகாமில் புறா இல்லை, அதனால் இருமலும் இல்லை. இனியும் புறாவோடு இருந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வவுணதீவில் இருக்கும் என் தம்பியிடம் புறாக்களைக் கொடுத்தோம். நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவை எங்களுக்கு முன்னமே கூரையில் இருந்தன. அடுத்த முறை இன்னும் தூரமாக, வாழைச்சேனைக்குக் கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்தும் வந்தன. கூட்டைப் பிரித்துப் போட்டோம், முகட்டில் குந்திக்கொண்டன. கறிக்குக் கொடுப்போம் என்றேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முற்றத்தில் நின்று, துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, அவற்றை நெடுநேரம் பார்த்தார்.

“அதுகளுக்கு இந்த வீட்ட விட்டா வேற இடம் தெரியா புள்ள,” என்றார். “நமக்கு எழும்பிப் போய்ப் பழக்கம்தானே.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தக் கிழமையே மூட்டை கட்டினோம்.