அத்தையின் இடது கன்னம்

எங்கள் வீட்டுக்குக் கேமரா வந்தபோது அது எதற்கு என்பதில் பெரியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அப்பாவுக்கு அது தினப்படி படம் எடுக்க. கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த அவர், துரை பங்களாவில் கழித்துப்போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து அகராதியும் கையுமாகப் படிப்பார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தானா போட்டோ, அம்மா அடுப்பு ஊதுவதையும் துணி காயப்போடுவதையும் எடுத்தால் என்ன என்று கேட்க ஆரம்பித்திருந்தார். அம்மாவுக்கோ அது வேண்டாத செலவு. அடுப்பு ஊதுகிற மூஞ்சியை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவள் கட்சி. அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. கேமரா எனக்காகத்தான் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையிறங்கிச் சேலத்துக்கு வாங்கப் போனபோது அப்பா என்னையும் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, கடைக்குள் நுழையும்போது நான் துவண்டுபோயிருந்தேன். கடைக்காரர் முதலில் சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கேமராவை எடுத்து வைத்தார். பொத்தானை அமுக்கினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். அப்பா அதைத் தொடக்கூட இல்லை. பெரியதைக் காட்டச் சொன்னார். அதுவும் ஆட்டோ ஃபோகஸ்தான். எதைப் பார்த்துப் பிடிக்கிறோமோ அதைத் தானே தெளிவாக்கிக்கொண்டு ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஆனால் இதில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம்.

லென்ஸ் இரண்டு இருந்தன. குட்டை லென்ஸைப் போட்டு அப்பா என்னைப் பார்க்கச் சொன்னார். வாசலில் நின்ற ஆள், எதிர்ச்சாரிப் பழக்கடை, அதற்கும் பின்னால் போன பஸ், எல்லாம் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரிந்தன. நீள லென்ஸை மாட்டியதும் அந்த ஆளின் முகம் மட்டும் கிட்டே வந்தது. பழக்கடையும் பஸ்ஸும் கரைந்துபோயின. முகம் எடுக்கவென்றே செய்தது இது, இதில் எடுத்தால் யாரும் அழகாக இருப்பார்கள் என்றார் கடைக்காரர். தினப்படி படத்துக்குக் குட்டையே போதும் என்று சொல்லிக்கொண்டே அப்பா நீளத்தைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் இரண்டையும் வாங்கிவிட்டார். அம்மா நாலைந்து நாள் அவரோடு பேசவில்லை.

பேச ஆரம்பித்ததே நீள லென்ஸால்தான். அதில் எடுத்த என் படம் ஒன்று கழுவி வந்தபோது அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ஏனுங்க, இதுல நம்ம புள்ளைய ஒரு படம் எடுத்தா என்னங்க என்றாள். புள்ளை என்றது என்னை அல்ல, அத்தையை.

அத்தை அப்பாவின் தங்கை. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். சின்ன வயதில் கொதிக்கிற வெந்நீர்ப் பானை சரிந்ததில் அவளுக்கு இடது கன்னம் கண்ணோரத்திலிருந்து தாடைவரை வெந்து, தழும்பு விழுந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு அது அத்தையின் முகம், அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஸ்டூடியோவில் அவளை வலது கன்னம் தெரியும்படி திருப்பி உட்காரவைத்து, எட்டிப் பார்த்த தழும்பையும் படத்தில் பென்சிலால் தடவி மறைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்தார்கள். நான் அதை நம்பி வெகுநாள் தபால்காரரின் பின்னால் போனேன். என்னைத் தவிர வீட்டில் யாரும் தபாலை எதிர்பார்க்கவில்லை.

இப்போது எங்கள் சபைப் பாஸ்டரின் மனைவி, பாஸ்டர் அம்மா, தர்மபுரிப் பக்கம் ஒரு வாத்தியார் வரன் கொண்டுவந்திருந்தார். அவர்கள் போட்டோ கேட்டார்கள். இந்தத் தடவையாவது நல்லபடியாக அமைந்துவிட வேண்டும் என்று அம்மா உருகி உருகி ஜெபம் செய்தாள். அத்தைமேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். அதைக் குறைசொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமைக் காலை, வீட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அத்தையை உட்காரவைத்தார்கள். பனி இறங்கியிருந்தது. பின்னால் நின்ற சவுக்குமரங்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. அம்மா அத்தையின் தாடையைப் பிடித்து முகத்தை வலப்பக்கம் தெரியத் திருப்பி, இடது பக்கம் கூந்தலை இழுத்துவிட்டாள். அப்பா நீள லென்ஸை மாட்டிப் பொத்தானைத் தொட்டார். லென்ஸ் கிர்ரென்று முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. திரும்பவும் போயிற்று. சத்தம் வரவில்லை. சத்தம் வராமல் அது படமும் எடுக்காது. அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கிர்ர், கிர்ர் என்று அது எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. அத்தை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். இடது கன்னம் கேமராவுக்கு நேராக வந்தது.

பீப்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. அப்பா, அத்தை அந்தப் பக்கம் திரும்பினா உடனே சத்தம் வந்துருதுப்பா என்று கை தட்டினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை, உள்ளதைத்தானே சொன்னேன்?

அத்தை எழுந்து வந்து, ஏன் அப்படி என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா கேமராவுக்குச் சொல்வதுபோலக் குனிந்துகொண்டே சொன்னார். வழவழப்பாக ஒரே மாதிரி இருந்தால், அதுவும் இந்தப் பனியில், அதற்குப் பிடிபடாது. ஒரு கோடோ ஓரமோ இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். கையால் திருப்பி எடுக்கவும் வழி இருக்கிறது, அந்த விசை எங்கே என்று பார்க்கிறேன் என்றார்.

“தேட வேண்டாங்ணா. இந்தப் பக்கமே எடுங்க” என்றாள் அத்தை. அந்த நீளக் குழாயைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டும்படியும் சொன்னாள்.

அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலும் உயரவில்லை.

“போன தடவ வந்தவங்க என்னையப் பாக்குலீங்க அண்ணி. போட்டோவோட ஒத்துப் பாத்தாங்க. அப்படி இன்னொருக்கா என்னால நிக்க முடியாதுங்க.”

அப்பா குட்டை லென்ஸை மாட்டினார். அத்தை கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, இடது கன்னம் நன்றாகத் தெரிய உட்கார்ந்தாள். தொட்டதும் சத்தம் வந்துவிட்டது. ஆனால் அப்பா பொத்தானை அமுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் வந்தாச்சுப்பா, அமுக்கு என்று நான் அவசரப்படுத்தினேன். ஒரு நொடியில் படம் எடுக்கத்தானே அந்தக் கேமராவை வாங்கினோம்? அப்பாவின் தோள் லேசாகக் குலுங்கியது. பனியில் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் தர்மபுரிக்குப் போயிற்று. இரண்டு மூன்று ஞாயிறு கழித்து, ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அம்மா என் அம்மாவைத் தனியே அழைத்து, அவர்களுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். “வராமயே சொல்லிட்டாங்கல்ல அண்ணி, நொம்ப நல்லதுங்க” என்று அத்தைதான் அவளைத் தேற்றினாள். பிறகு தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா எங்கள் எல்லோரையும் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நான் ஓடிப்போய், என்னைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் கையை நீட்டினேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில், யார் யாரோ எடுத்துக்கொடுத்த படங்களில், நான் கைக்குழந்தையாக இருந்த நாள்முதல் அத்தைதான் என்னைத் தூக்கிவைத்திருப்பாள். எல்லாவற்றிலும் இடது தோளில்தான்; என் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு. பெற்ற தாயைவிட அத்தைக்குத்தான் என்மேல் உயிர் என்று அந்த ஆல்பத்தைக் காட்டி நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டது உண்டு.

அன்று அவள் என்னைத் தூக்கவில்லை. “நீ கீழயே நில்லு சாமி” என்று என் தலையைத் தடவிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள். படத்தில் அவள் முகம் முழுசாகத் தெரிகிறது. பக்கத்தில் நான் வாயைக் கோணிக்கொண்டு அழுதபடி நிற்கிறேன், அத்தைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று.